ஈஸ்ட் தன் சவ்வை எப்படி இளக்கமாக வைத்துக்கொள்கிறது? காரைக்குடிப் பக்கத்தில் கேட்ட கேள்விகளும் பதில்களும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் கல்லூரியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளும், வீட்டிலேயே பன், பிரெட் சுடுகிறவர்களும் ஈஸ்ட்டைப் பற்றி அடிக்கடி கேட்பவற்றை இங்கே ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பேச்சு முழுக்க பேக்கரி ஈஸ்ட்டான சக்கரோமைசஸ் செரிவிசியே பற்றித்தான். பாடப்புத்தகம் பாய்மத்தன்மை என்பதை நான் இளக்கம் என்றே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈஸ்ட் தன் சவ்வின் இளக்கத்தைக் காத்துக்கொள்கிறது என்பது உண்மை. ஆனால் இளக்கத்தை அளந்து பார்த்து அதைச் செய்வதில்லை. பாடக் குறிப்புகள் பலவற்றில் இது விடுபட்டுப் போகிறது. அதனால் கீழே அதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

சவ்வு இளகி இருந்தால்தான் என்ன, இறுகினால்தான் என்ன?

செல் சவ்வு என்பது இரண்டு அடுக்காக அமைந்த கொழுப்பு மூலக்கூறுகள். அவற்றின் நடுவே புரதங்கள். கனம் 4 முதல் 5 நானோமீட்டர்தான் இருக்கும். இந்த அமைப்பு அசையாத சுவர் அல்ல, மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும் திரவப் படலம் என்று 1972ல் சிங்கரும் நிக்கல்சனும் விளக்கினார்கள். இன்றும் அடிப்படைப் படம் அதுதான்.

சர்க்கரையை உள்ளே எடுத்துவரும் புரதம் தன் வடிவத்தை மாற்றினால்தான் வேலை நடக்கும். சுற்றிலும் உள்ள கொழுப்பு இறுகிப்போனால் அந்தப் புரதம் அசைய முடியாது. மைட்டோகாண்டிரியாவில் யுபிகுவினோன் என்ற சிறு மூலக்கூறு எலக்ட்ரான்களைச் சுமந்துகொண்டு சவ்வுக்குள்ளேயே நகர்கிறது. சவ்வு கெட்டியானால் இந்த நகர்தல் மெதுவாகி, சுவாசமே மந்தமாகிறது என்று 2018ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மறுபக்கம், சவ்வு அளவுக்கு மீறி இளகினால் பொட்டாசியம் வெளியே கசியும், புரோட்டான்கள் உள்ளே கசியும். அவற்றைத் திருப்பி ஏற்றி இறக்குவதிலேயே செல்லின் ஆற்றல் செலவாகிவிடும்.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைவதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நேரான சம்பந்தம் உண்டு. நம்ம ஊரில் மார்கழி, தை விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும். பக்கத்திலேயே இருக்கும் நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஓடும். தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு அமிலம், அதாவது கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாதது. அதன் சங்கிலிகள் நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கிக்கொள்ளும். நல்லெண்ணெயில் நிறைவுறாதவை அதிகம். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில் சங்கிலி வளைகிறது. வளைந்தவை நெருங்கி அடுக்கிக்கொள்வதில்லை.

எண்ணைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஸ்டியரிக் அமிலத்தில் 18 கார்பன், இரட்டைப் பிணைப்பு கிடையாது. அது 69 டிகிரி செல்சியஸில்தான் உருகும். ஒலியிக் அமிலத்திலும் அதே 18 கார்பன்தான், இரட்டைப் பிணைப்பு ஒன்று மட்டும் கூடுதல். அது 13, 14 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. ஒரே ஒரு பிணைப்பு 55 டிகிரி வித்தியாசத்தை உண்டாக்குகிறது!

சங்கிலியின் நீளத்துக்கும் பங்கு உண்டு. இவ்வளவு நிறைவுற்றதாக இருந்தும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவிலேயே உருகக் காரணம், அதில் 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம் மிகுதி. சங்கிலி குட்டையாக இருந்தால் பிடிப்பும் குறைவு. ஈஸ்ட் இந்த இரண்டு வழிகளையுமே பயன்படுத்துகிறது.

ஈஸ்ட் எதையெல்லாம் மாற்றிக்கொள்ளும்?

முக்கியமானது ஓலே1 என்ற நொதி. 16 கார்பன், 18 கார்பன் கொண்ட நிறைவுற்ற சங்கிலிகளின் ஒன்பதாவது கார்பனுக்கும் பத்தாவதுக்கும் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பை அது உண்டாக்குகிறது. அப்படிக் கிடைப்பவை பால்மிட்டோலியிக் அமிலமும் ஒலியிக் அமிலமும். பேக்கரி ஈஸ்ட்டுக்கு இந்த வேலையைச் செய்ய வேறு நொதி கிடையாது, இது ஒன்றேதான். சாதாரணமாக வளரும் ஈஸ்ட்டின் கொழுப்பு அமிலங்களில் 70 முதல் 80 சதவீதம் இப்படி நிறைவுறாதவையே. இரண்டு, மூன்று இரட்டைப் பிணைப்பு உள்ள சங்கிலிகளைப் பேக்கரி ஈஸ்ட்டால் தயாரிக்க முடியாது. கேண்டிடா அல்பிகன்ஸ் போன்ற வேறு சில ஈஸ்ட்கள் தயாரிக்கும்.

இரண்டாவது, எர்கோஸ்டெரால். நம் உடம்பில் கொலஸ்ட்ரால் பார்க்கும் வேலையை ஈஸ்ட்டில் இது பார்க்கிறது. இளகிக் கிடக்கும் சங்கிலிகளைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தும். கெட்டிப்படப் போகும் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவை உறைந்துவிடாமல் தடுக்கும். இரண்டு திசையிலும் உதவுவதால்தான் இதன் மதிப்பு பெரிது.

பிறகு சங்கிலி நீளம், பாஸ்போலிப்பிட் என்ற முக்கியச் சவ்வுக் கொழுப்பின் தலைப்பகுதி, ஸ்பிங்கோலிப்பிட் என்ற இன்னொரு வகைச் சவ்வுக் கொழுப்பு என்று இன்னும் சில உண்டு. ஈஸ்ட்டின் ஸ்பிங்கோலிப்பிட்களில் 26 கார்பன் நீளச் சங்கிலிகள் வரும். அவையும் எர்கோஸ்டெராலும் வெளிச்சவ்வில் குவிந்திருப்பதால் வெளிச்சவ்வு மற்றச் சவ்வுகளைவிட இறுக்கமானது. ஆக, ஒரே செல்லுக்குள் ஒவ்வொரு சவ்வுக்கும் தனித்தனி இளக்கம். "ஈஸ்ட் சவ்வின் இளக்கம் எவ்வளவு?" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. எந்தச் சவ்வு என்று முதலில் கேட்க வேண்டும்.

குளிர் வந்துவிட்டது, சவ்வு இறுகுகிறது என்று செல்லுக்கு எப்படித் தெரியும்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கொழுப்பு தயாராகும் இடம் எண்டோபிளாச வலை. அதன் சவ்வில் எம்.ஜி.ஏ.2, எஸ்.பி.டி.23 என்று இரண்டு புரதங்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. இரண்டும் மரபணுவை இயக்கும் புரதங்கள். ஆனால் சவ்வில் மாட்டிக்கொண்டிருக்கும்வரை அவற்றால் உட்கருவுக்குப் போக முடியாது. இரண்டில் ஒன்றை நீக்கினால் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். இரண்டையும் நீக்கினால் செத்துவிடும். அப்படிச் சாகப்போகும் ஈஸ்ட்டுக்கு ஒலியிக் அமிலத்தை வெளியிலிருந்து ஊட்டினால் வளர்கிறது. அதாவது இந்த இரண்டும் செய்யும் உயிர் காக்கும் வேலை, ஓலே1 மரபணுவை ஓடவைப்பதுதான்.

சவ்வில் நிறைவுற்ற சங்கிலிகள் கூடும்போது ஆர்.எஸ்.பி.5 என்ற நொதி எம்.ஜி.ஏ.2 மீது யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டுகிறது. வழக்கமாக இந்த ஒட்டு விழுந்த புரதத்தை, புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் என்ற அமைப்பு முழுதாகச் சிதைத்துவிடும். இங்கே அப்படி நடப்பதில்லை. சவ்வோடு பிணைக்கும் பகுதியை மட்டும் சிதைத்துவிட்டு, வேலைக்கு வேண்டிய பாதியை விட்டுவைக்கிறது. விடுபட்ட துண்டு உட்கருவுக்குப் போய் ஓலே1 மரபணுவை முடுக்குகிறது. இரட்டைப் பிணைப்புகள் பெருகுகின்றன, சவ்வு இளகுகிறது, அதன்பின் எம்.ஜி.ஏ.2 வெட்டப்படுவது குறைகிறது. இந்த வெட்டும் ஏற்பாட்டை 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஸ்டெஃபன் யென்ட்ஷின் ஆய்வுக்குழு கண்டறிந்தது.

சரி, நிறைவுற்றவை கூடியதை எம்.ஜி.ஏ.2 எப்படி உணர்கிறது? இதற்கான பதில் 2016ல் வந்தது. எம்.ஜி.ஏ.2 இரண்டிரண்டாகச் சேர்ந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் சவ்வைக் குறுக்கே கடக்கும் ஒரு சுருள் உண்டு. அந்தச் சுருளில், சவ்வின் கொழுப்புப் பகுதிக்குள், டிரிப்டோபேன் என்ற பருத்த அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. சுற்றியுள்ள சங்கிலிகள் வளைந்து தளர்வாக இருந்தால் அதற்கு அங்கே இடம் கிடைக்கும். சங்கிலிகள் நேராகி நெருக்கினால் இடம் போய்விடும். அப்போது சுருள்கள் இரண்டும் திரும்பி, அந்தப் பருத்த பகுதியை ஒன்றையொன்று பார்க்கும் பக்கத்துக்குக் கொண்டுபோகின்றன. சவ்வுக்கு உள்ளே நடக்கும் இந்தச் சின்னத் திருப்பம்தான் வெளியே யுபிக்விட்டின் ஒட்டப்படுவதைக் கூட்டுகிறது.

அப்படியென்றால் அது இளக்கத்தைத்தானே அளக்கிறது?

இல்லை. மாணவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். 1974ல் சினென்ஸ்கி, ஈ.கோலை பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பநிலையில் வளர்த்து, எல்லாவற்றிலும் சவ்வின் பிசுபிசுப்பு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதைக் கண்டார். அன்றிலிருந்து, செல் பிசுபிசுப்பை அளந்து பார்த்துச் சரிசெய்கிறது என்று நினைப்பது இயல்பாகிவிட்டது. விளைவைப் பார்த்து, அளக்கப்படுவதும் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டோம்.

2020ல் எம்.ஜி.ஏ.2வைத் தனியாகப் பிரித்து, செயற்கைச் சவ்வுகளில் பதித்துச் சோதித்தார்கள். இரட்டைப் பிணைப்பு எத்தனை என்பது மட்டுமல்ல, சங்கிலியில் எந்த இடத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பதையும் அது நுட்பமாக வேறுபடுத்தியது. சவ்வின் மொத்த இளக்கத்தை வைத்து அதன் நடத்தையைக் கணிக்க முடியவில்லை. டிரிப்டோபேன் நிற்கும் அந்தக் குறிப்பிட்ட ஆழத்தில் சங்கிலிகள் எவ்வளவு நெருக்கமாக அடுக்கியிருக்கின்றன, அது ஒன்றைத்தான் எம்.ஜி.ஏ.2 பார்க்கிறது.

எர்கோஸ்டெராலின் அளவைக் கண்காணிக்க வேறு புரதம் இருக்கிறது. அதன் பெயர் யு.பி.சி.2. அது எர்கோஸ்டெராலையே பிடித்துக்கொண்டு இருக்கும். எர்கோஸ்டெரால் குறைந்து பிடி விடுபட்டால் உட்கருவுக்குப் போய், ஸ்டெரால் தயாரிக்கும் மரபணுக்களை இயக்கும். எண்டோபிளாச வலையில் ஐ.ஆர்.இ.1 என்ற இன்னொரு புரதமும் சவ்வின் சீர்கேட்டை உணரும். இப்படி ஒவ்வொரு புரதமும் ஒரு சிறு பண்பை மட்டும் கவனிக்கிறது. அத்தனையும் சேர்ந்ததன் பலன்தான் நாம் காணும் இளக்கம்.

போதும் என்றதும் உடனே நின்றுவிடுமா?

ஆமாம், வேகமாகவே. ஒலியிக் அமிலத்தை ஊட்டினால் ஓலே1 மரபணு அடங்குவதோடு, ஏற்கெனவே எழுதப்பட்ட ஆர்.என்.ஏ.வும் சில நிமிடங்களில் சிதைகிறது. ஓலே1 புரதமும் நெடுநாள் நிற்பதல்ல.

மாவுக்குள் காற்று வேண்டும் என்கிறார்களே, புளிப்பதற்குத்தான் ஆக்சிஜனே தேவையில்லையே?

சர்க்கரையைச் சாராயமாக்க ஆக்சிஜன் தேவையில்லைதான். ஆனால் சவ்வைக் கட்டத் தேவை. ஓர் இரட்டைப் பிணைப்பை உண்டாக்க ஓலே1 ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைச் செலவழிக்கிறது. ஓர் எர்கோஸ்டெராலுக்கு 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். ஆக்சிஜன் அறவே இல்லாத இடத்தில் ஈஸ்ட் சில தலைமுறை பெருகும். ஒவ்வொரு முறை மொட்டுவிடும்போதும் தாய்ச்செல்லில் இருந்த இருப்பைப் பங்கு போட்டுக்கொண்டே போய், கடைசியில் நின்றுவிடும். ஆண்ட்ரியாசன், ஸ்டியர் என்ற இருவர் 1953, 1954 ஆண்டுகளில் இதைத் தெளிவாக்கினார்கள். எர்கோஸ்டெராலையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலத்தையும் வெளியிலிருந்து கொடுத்தால், காற்றே இல்லாமலும் ஈஸ்ட் வளர்ந்தது.

ஈஸ்ட்டுக்கு ஆக்சிஜன் சுவாசிக்க மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். பீர் ஆலைகளில் நொதிக்க விடும் முன் திரவத்தில் காற்றேற்றுவது இதற்காகத்தான். பேக்கரி ஈஸ்ட்டை ஆலையில் கரும்புச் சக்கைப்பாகில் வளர்க்கும்போது விடாமல் காற்றைச் செலுத்துகிறார்கள். அதனால் பாக்கெட்டில் வரும் ஈஸ்ட் கொழுப்பு இருப்போடு வருகிறது. வீட்டில் பிரெட் மாவை ஒருமுறை நன்றாகப் பிசைந்தால் போதும், காற்றை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று: ஆக்சிஜன் குறையும்போது ஓலே1 மரபணு இன்னும் வேகமாக ஓடுகிறது, அதற்கும் எம்.ஜி.ஏ.2தான் வேண்டும். கிடைக்கிற கொஞ்சத்தை விடாமல் பிடிக்க நொதியைக் கூடுதலாகச் செய்துகொள்கிறது.

சித்திரை வெயிலில் ஈஸ்ட் என்ன செய்யும்?

இந்த ஈஸ்ட்டுக்கு இதமான வெப்பநிலை 30 டிகிரி சுற்றளவு. 40ஐ நெருங்கும்போது வளர்ச்சி நின்றுபோகும். சிவகங்கைச் சீமையில் சித்திரை, வைகாசி மதியங்களில் நிழலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுகிறது. சூட்டில் சவ்வு அளவுக்கு மீறி இளகும், புரதங்களும் குலையும். செல் நிறைவுறாதவற்றைக் குறைத்துக்கொள்ளும், டிரெகலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்துவைக்கும்.

2014ல் ஸ்வீடனில் ஓர் ஆய்வு நடந்தது. ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாக 40 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே வளர்த்து, தாங்கிப் பிழைத்தவற்றின் மரபணுவைப் படித்தார்கள். ஸ்டெரால் தயாரிப்பில் வரும் ஈ.ஆர்.ஜி.3 என்ற மரபணு அவற்றில் கெட்டிருந்தது. எர்கோஸ்டெராலுக்குப் பதில் வளைந்த வடிவம் கொண்ட ஃபெக்கோஸ்டெரால் சேர்ந்திருந்தது. சூடு தாங்கும் தன்மைக்கு அதுவே காரணம் என்றும் காட்டினார்கள். சூட்டுக்குப் பழகிய அந்த ஈஸ்ட் 30 டிகிரியில் பழைய ஈஸ்ட்டைவிட மெதுவாக வளர்ந்தது. எல்லா வெப்பநிலைக்கும் ஏற்ற சவ்வு என்று ஒன்று கிடையாது.

சமையல் பக்கம் வந்தால், வெயில் காலத்தில் மாவைச் சமையலறையில் வைக்காமல் பழைய வீட்டின் உள்ளறையில் வையுங்கள். கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை உள்ள அறையில் சூடு மெதுவாகத்தான் ஏறும்.

சாராயம் கூடும்போது ஈஸ்ட் சாவது ஏன்?

எத்தனால் சவ்வுக்குள் புகுந்து அதன் ஒழுங்கைக் குலைக்கிறது, புரோட்டான் கசிகிறது. எதிர்பார்ப்புக்கு மாறாக, எத்தனாலைத் தாங்கும் ஈஸ்ட்களில் ஒலியிக் அமிலம் கூடுதலாக இருக்கிறது, எர்கோஸ்டெராலும் கூடுதல். சவ்வு ஏற்கெனவே இளகியிருக்கும்போது மேலும் இளக்கும் கொழுப்பை ஏன் சேர்க்க வேண்டும்? இளக்கம் என்ற ஒற்றை எண்ணை வைத்து இதற்கு விடை காண முடியாது. மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பார்த்தால், செல் காப்பது சவ்வின் முழுமையை என்பது புரியும்.

ஆப்ப மாவும் இட்லி மாவும் மார்கழியில் பொங்காததற்கு இதுதான் காரணமா?

ஒரு பங்குதான். இட்லி மாவைப் பொங்கவைப்பதில் முக்கியப் பங்கு லூக்கோநாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுக்கு. ஈஸ்ட் கூட இருந்து உதவும். குளிரில் எல்லா நொதிகளும் மெதுவாகின்றன, சவ்வு இறுகுவதும் மாவு பொங்காததற்கு ஒரு காரணம். கள் ஊற்றிப் புளிக்கவைக்கும் ஆப்பத்தில் ஈஸ்ட்டின் பங்கு அதிகம். பதநீர் கள்ளாகாமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது வேறு கதை. அது காரத்தன்மையால் நுண்ணுயிர்களைத் தடுப்பது. சவ்வின் இளக்கத்தோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

உலர் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில்தான் கரைக்க வேண்டுமா, ஆச்சி பச்சைத் தண்ணீரிலேயே கரைக்கிறார்களே?

வெதுவெதுப்பான நீர்தான் நல்லது, 38 முதல் 42 டிகிரிக்குள். உலர்ந்த செல்லின் சவ்வில் நீர் இல்லாததால் சங்கிலிகள் நெருங்கிக் கெட்டியாக இருக்கும். குளிர்ந்த நீர் பட்டால், சவ்வு கெட்டி நிலையிலிருந்து இளகிய நிலைக்கு மாறும் அதே நேரத்தில் நீரும் உள்ளே பாய்கிறது. மாறும் அந்தத் தருணத்தில் சவ்வு ஓட்டையாக இருப்பதால் செல்லின் உள்ளிருப்பு கசிந்துவிடும். கசியும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு, மாவின் பசையத்தை (குளூட்டனை) தளர்த்திப் பிசுபிசுக்க வைக்கும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் சவ்வு சட்டென்று இளகிய நிலைக்கு வந்துவிடும், கசிவு குறையும்.

டிரெகலோஸ் இங்கேயும் காப்பாற்றுகிறது. உலரும்போது நீர் விட்டுப்போன இடத்தில் அது நின்று, சங்கிலிகள் முழுக்க இறுகிவிடாமல் பார்த்துக்கொள்கிறது.

ஆச்சி கரைப்பதும் பெரும்பாலும் சரியாகவே வரும். நம்ம ஊர்ப் பச்சைத் தண்ணீர் ஐரோப்பாவின் குழாய்த் தண்ணீர் போலச் சில்லென்று இருக்காது. அவர்கள் பயன்படுத்துவது மாவில் நேராகக் கலக்கும் இன்ஸ்டன்ட் ரகமாக இருந்தால் தனியாகக் கரைக்கவே வேண்டியதில்லை. பிரிட்ஜ் தண்ணீரை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். வைகாசியில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரும் வேண்டாம். அது 45 டிகிரியைத் தாண்டியிருந்தால் ஈஸ்ட்டுக்கு ஆபத்து.

ஆய்வகத்தில் இளக்கத்தை எப்படி அளக்கிறார்கள்?

டி.பி.எச். என்ற ஒளிரும் சாயத்தைச் சவ்வுக்குள் விட்டு, அது எவ்வளவு சுழல்கிறது என்று ஒளியின் முனைவாக்கத்தை வைத்துக் கணக்கிடுவது ஒரு முறை. லாரடான் என்ற சாயம், சவ்வுக்குள் நீர் எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதை நிறமாற்றத்தால் காட்டும். இரண்டும் அளப்பது வேறு வேறு பண்பை. அதனால் முடிவு எழுதும்போது எந்தச் சாயம் என்று கட்டாயம் குறிப்பிடுங்கள். முழுச் செல்லில் அளந்தால் எல்லாச் சவ்வுகளும் கலந்த சராசரிதான் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள்.

மருத்துவத்தில் இதற்குப் பயன் உண்டா?

உண்டு. பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் டெர்பினாஃபினும் எர்கோஸ்டெரால் தயாரிப்பைத் தடுப்பவை. ஆம்ஃபோடெரிசின் பி எர்கோஸ்டெராலையே பிடிக்கிறது. நம் உடம்பிலும் ஓலே1க்கு இணையான நொதி உண்டு. எலியின் நொதியை ஓலே1 இல்லாத ஈஸ்ட்டில் வைத்தபோது அது அந்த வேலையை ஏற்றுச் செய்தது.

பள்ளியில் செய்து பார்க்கும்படி எளிய சோதனை ஏதாவது?

ஆக்டிவ் டிரை வகை உலர் ஈஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள்; இன்ஸ்டன்ட் வகையில் வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. ஒரே எடையில் இரண்டு பங்கு. ஒன்றை ஐஸ் போட்ட நீரிலும், இன்னொன்றை 40 டிகிரி நீரிலும் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் இரண்டையும் 30 டிகிரிக்குக் கொண்டுவந்து, ஒரே அளவு சர்க்கரை சேர்த்து, பாட்டில் வாயில் பலூன் மாட்டுங்கள். 30 டிகிரிக்குக் கொண்டுவரும் இந்தப் படியை விட்டுவிட்டால், பலூனில் தெரியும் வித்தியாசம் வெறும் குளிராலா, சவ்வு கசிந்ததாலா என்று சொல்ல முடியாது. மூன்றாவதாக ஒரு பங்கை 40 டிகிரியில் ஊறவைத்து, அதன் பிறகு ஐஸ் நீரில் பத்து நிமிடம் வைத்து, அதையும் 30க்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். சவ்வு ஒருமுறை நீர் ஏறி இளகிய பிறகு அதே குளிரை எவ்வளவு தாங்குகிறது என்பது அந்த மூன்றாவது பலூனில் தெரியும்.